ஏழாவது வார்டில் புல் நான்கு இடம்

மார்ச் 3, ஞாயிறு மதியம்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப் போவதில்லை. நேற்று நீ அனுப்பிய புகைப்படமே பதில் சொல்லிவிட்டது. முகத்தில் ஒரு தெளிவு, கன்னத்தில் ஒரு சுற்றுச் சதை. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொண்டுவிட்டது போலிருக்கிறது. இங்கே என் சமையலைச் சாப்பிட்டு நாங்கள் இரண்டு பேரும் இடுப்பில் துணி நிற்காமல் அலைகிறோம்.

தினமும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. நாம் பேசுவது பத்து நிமிஷம். அதில் ஐந்து நிமிஷம் பாப்பாவுக்குப் போய்விடும். நான்கு நிமிஷம், உங்கள் ஆராய்ச்சி மையத்துப் பெரிய மனுஷர் அன்றைக்கு என்ன சொன்னார் என்று நீ சொல்வாய். மிச்சமிருக்கிற ஒரு நிமிஷத்தில் நான் தொண்டையைக் கனைப்பேன், நீ "சரிங்க, வெச்சிடட்டுமா" என்பாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாதல்லவா, அதனால்தான்.

அந்தப் புகைப்படத்துக்கே வருகிறேன். பன்னிரண்டு பேர் நிற்கிற படத்தில் நீ ஏன் அந்தக் கூலிங் கிளாஸ் போட்டவருக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்? மரநிழலில் எடுத்த படம் அது. நிழலில் எந்த மனுஷனாவது கூலிங் கிளாஸ் போடுவானா? அவர்தான் உன் வழிகாட்டி, ஐம்பத்தெட்டு வயது, பேரன் பேத்தி எடுத்தவர் என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். எல்லாம் தெரியும். தெரிந்தும் எரிகிறது. பாப்பாகூட "யாருப்பா இது, சினிமாக்காரரா?" என்று கேட்டாள். ஆமாம், வில்லன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ வந்து திருத்திக்கொள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. அந்த மனுஷர்மேல் கால்வாசி, உன்மேல் முக்கால்வாசி. மனைவி பெரிய ஆளாவதைப் பார்த்துப் பெருமைப்படுகிற கணவன்மார்கள் எங்கேயோ இருக்கிறார்கள், நானும் பத்திரிகையில் படித்திருக்கிறேன். போன வருஷம் உனக்கும் எனக்கும் ஒரே பதவிக்கு மனுப் போடச் சொன்னார்கள். உன்னைவிட இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்தவன் நான். தரைச் சூட்டை அளக்கிற துப்பாக்கியை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று உனக்குக் காட்டிக் கொடுத்தவனும் நான். வரைபடப் பிரிவுக்குத் தலைவி என்று உத்தரவு உன் பெயரில் வந்தது. அன்றைக்கு அலுவலகம் முழுக்க இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் என்னைத் தங்கமான மனுஷன் என்றார்கள். உள்ளே கிடந்தது தங்கமா தகரமா என்று எனக்குத்தான் தெரியும்.

பாப்பாவின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. உங்கள் இரண்டு பேருக்கும் என்ன வேலை என்று புது டீச்சர் கேட்டார். வானத்திலிருந்து எடுத்த படத்தில் எது மரம், எது புல், எது கூரை, எது வெறும் மண் என்று என் மனைவி கோடு போட்டுப் பிரிப்பாள்; எந்த இடத்தில் தரை எவ்வளவு சுடுகிறது என்பதையும் அதே செயற்கைக்கோள் அளந்து அனுப்பும்; இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்தத் தெரு எதனால் கொதிக்கிறது என்று விளங்கும்; அவள் புல் என்று எழுதிய இடத்தில் இருப்பது புல்தானா என்று நான் நடந்து போய்ப் பார்த்து டிக் போடுவேன் என்று விவரமாகச் சொன்னேன். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஓ, அப்ப மேடம் மேல, நீங்க கீழ" என்றார். மனுஷி கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் பாப்பா பின்னால் ஓடி வருகிற அளவுக்கு வேகமாக நடந்து வீடு வந்து சேர்ந்தேன்.

அலுவலகத்தில் உன் ஏழாவது வார்டு கண்டுபிடிப்பைப் பற்றித்தான் இன்னும் பேச்சு. ஊர் முழுக்கப் புல்லும் மரமும் இருக்கிற இடம் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவாக இருக்க, தகரக் கூரைகள் நெருக்கியடிக்கிற ஏழாவது வார்டில் மட்டும் புல்தரைகூடத் தார் ரோடு மாதிரி சுடுகிறது என்று நீ காட்டினாயே, அதைச் சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் அங்கே உன்னை அழைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மே இரண்டாம் தேதி அங்கே கருத்தரங்கில் நீ அதைப் பற்றிப் பேசுவது நன்றாக அமைந்துவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கச் சொல்வார்களாமே. எனக்கு இதை நீ சொல்லவில்லை, நம் தலைமைப் பொறியாளர் சொன்னார். மனைவியைப் பற்றிய செய்தியை மேலதிகாரி வாயால் கேட்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பாப்பாவுக்கு மேல் பல் ஒன்று விழுந்தது. பின்னல் போட இப்போது எனக்கு ஏழே நிமிஷம்தான் ஆகிறது. வலது பக்கம் சற்று மேலே ஏறிவிடுகிறது, அதை அவளும் யாரிடமும் சொல்வதில்லை. தண்ணீர்க் குழாயின் வாஷரை மாற்றிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். படம் எடுக்கும்போது ஓரமாக நில்.

இப்படிக்கு,
வயிறெரிந்தாலும் உன் நன்மையையே விரும்பும் கணவன்


ஏப்ரல் 7, ஞாயிறு

அன்புள்ள தலைவி அவர்களுக்கு,

கீழே வேலை பார்ப்பவன் எழுதிக்கொள்வது. என் முதல் கடிதத்தைப் படித்துவிட்டு நீ போனில் விழுந்து விழுந்து சிரித்தாய். நான் அழுது எழுதியது உனக்குச் சிரிப்பாக இருக்கிறது. சரி, இதையும் படித்துச் சிரி.

வெயில் இந்த வருஷம் மனுஷனை விட்டு வைக்காது போலிருக்கிறது. வியாழக்கிழமை செயற்கைக்கோள் நம் ஊரைக் கடக்கிற நாள். பதினாறு நாளைக்கு ஒருமுறை காலை பத்தரைக்கு அது மேலே போகும்போது நான் கீழே துப்பாக்கியோடு நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டவள் நீ. போய் நின்றேன். பேருந்து நிலையத் தரை ஐம்பத்தொன்று. பெரிய வீடுகள் இருக்கிற ஆற்றங்கரைச் சாலையில் மரத்தடியில் முப்பத்திரண்டு. ஒரே ஊர், ஒரே சூரியன். காசுள்ளவன் வாசலில் மட்டும் அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறது.

செவ்வாய்க்கிழமை போனில் நீ சொன்னதை நான் இன்னும் மெல்ல முடியாமல் மென்றுகொண்டிருக்கிறேன். உன் கூலிங் கிளாஸ்காரருக்கு ஏழாவது வார்டு விஷயத்தில் சந்தேகமாம். அந்த இடங்களில் புல் என்று எழுதியிருக்கிறதே, யார் நேரில் போய்ப் பார்த்தது என்று கேட்டாராம். "என் வீட்டுக்காரர்தான் பார்த்தார். அவர் போகாத இடத்துக்கு டிக் போடமாட்டார்" என்று நீ சொன்னாயாம். அதோடு அவர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டாராம். நீ இதை ஏதோ எனக்குப் பதக்கம் குத்துகிற மாதிரி சொன்னாய். எனக்குக் கோபம்தான் வந்தது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு என் வேலையைச் சந்தேகப்பட இவர் யார்? பத்து வருஷமாக இந்த ஊரை நடந்து அளந்தவன் நான். என் செருப்பை வேண்டுமானால் பார்சலில் அனுப்புகிறேன், தேய்மானத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அதற்கப்புறம் ஒன்று தோன்றியது. அந்த மனுஷரிடம் நீ என்னைப் பற்றிப் பேசியிருக்கிறாய். அதுவும் விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறாய். இரண்டு நாள் அதை நினைத்து நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். இதையும் எழுதாவிட்டால் கடிதம் நேர்மையாக இருக்காது.

அலுவலகச் செய்தி. மழைக்கு முன்னால் நட வேண்டிய எண்ணூறு மரக்கன்றுகளையும் ஏழாவது வார்டிலிருந்து எடுத்து ஆற்றங்கரைச் சாலைக்கும் பூங்காத் தெருவுக்கும் மாற்றப் போகிறார்கள். பச்சை வைத்தும் அங்கே சூடு குறையாது என்று உன் அறிக்கையே சொல்கிறதே, பின்னே எதற்கு அங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்கிறார் தலைமைப் பொறியாளர். நட்ட மரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மரம் நடுவதற்கு ஆற்றங்கரைக்காரர்கள் சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டார்கள். பட்டியலில் மாத முடிவில் கையெழுத்தாகும்.

ஏழாவது வார்டில் கூரைச் சூட்டை அளக்கப் போனபோது, வீட்டிலேயே துணி தைக்கிற ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். தகரக் கூரை, ஒற்றை ஜன்னல். மதியத்துக்கு மேல் தையல் மிஷினின் சக்கரத்தைத் தொட முடியவில்லை என்று ஈரத்துணி சுற்றி வைத்திருக்கிறார். "சார், எங்க தெருவுக்கு மரம் வருதுன்னு போன வருஷம் எழுதிக்கிட்டுப் போனாங்க. இப்ப இல்லையாமே. எங்க தெருன்னா மரத்துக்கும் கசக்குதா?" என்று கேட்டார். மேலே இருக்கிறவர்கள் முடிவு என்று சொல்லித் தப்பித்து வந்தேன். மேலே இருப்பது என் மனைவிதான் என்று சொல்லவில்லை.

இரண்டு வருஷ விஷயத்தை நீயாக எப்போது சொல்வாய் என்று காத்திருக்கிறேன். நான் கேட்டால் போகாதே என்று சொல்லிவிடுவேன், அதனால் கேட்கவில்லை. பாப்பா காலண்டரில் நீ வருகிற தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அந்தத் தாளைத் தாண்டி அவள் இன்னும் புரட்டிப் பார்க்கவில்லை.

அவளுக்கு வெள்ளிக்கிழமை சின்னதாக ஒரு காயம், பயப்படாதே. பள்ளியிலிருந்து பக்கத்துப் பந்து மைதானத்துக்கு ஓட்டப் பயிற்சிக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். வெறுங்காலோடு ஓடினாளாம். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். மருந்து போட்டுவிட்டேன். எங்கே ஓடினாய் என்று கேட்டால், "புல்லு மேலதான்பா ஓடினேன், புல்லு சுட்டுச்சு" என்கிறாள். புல் எங்கேயாவது கொப்புளம் போடுகிற அளவுக்குச் சுடுமா? பக்கத்துச் சிமெண்டுத் தரையில் ஓடிவிட்டு என்னிடம் கதை அளக்கிறாள். நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு அந்த விளையாட்டு டீச்சரை ஒரு பிடி பிடிக்கிறேன். மைதானமும் உன் ஏழாவது வார்டில்தான் இருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அங்கே ராத்திரி குளிர்கிறது என்றாயே, போர்வை வாங்கிக்கொண்டாயா?

இப்படிக்கு,
போகாத இடத்துக்கு டிக் போடாதவன்


ஏப்ரல் 18, வியாழன்

என் அன்புக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நம் அலுவலக வரைவாளர் பயிற்சிக்காக அங்கே வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உறையில் இரண்டு தாள்கள் தனியாக இருக்கும். கடிதத்தைப் படித்து முடித்தபிறகு அவற்றைப் பிரி. பாப்பாவின் கால் ஆறிவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கவலையோடு நீ மற்றதைப் படிக்க வேண்டாம்.

திங்கட்கிழமை எட்டாம் தேதி அந்த மைதானத்துக்குப் போனேன். டீச்சரைத் திட்டுகிற வேகத்தில் உள்ளே போனவன் நடுவில் நின்றுவிட்டேன். பச்சைப் பசேலென்று இருக்கிறது. ஒரு சருகு இல்லை, ஒரு எறும்பு இல்லை. குனிந்து தொட்டால் பிளாஸ்டிக். தரையில் விரித்து ஒட்டியிருக்கிற செயற்கைப் புல். மூன்று வருஷத்துக்கு முன்னால் போட்டார்களாம். துப்பாக்கியை நீட்டினேன். காலை பத்தரைக்கு ஐம்பத்தாறு. மதியம் மறுபடி போய் அளந்தேன், அறுபத்து நான்கு. வெளியே தார் ரோடு அதைவிடக் குளிர்ச்சி. என் மகள் கதை அளக்கவில்லை.

நீ புல் என்று குறித்த மைதானம் அதுதான். ஏழாவது வார்டில் நீ புல் என்று குறித்தது மொத்தமே நான்கு இடம், அதில் பெரியது இது. மற்ற மூன்றையும் அன்றைக்கே போய்ப் பார்த்தேன். ஒன்று லாரிகள் நிற்கிற இடம், மேலே பச்சை வலை கட்டியிருக்கிறார்கள். இன்னொன்று ஒரு பட்டறைக்காரர் பச்சைப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிற மொட்டை மாடி. நாலாவது மட்டும் நிஜப் புல், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நம் வீட்டுக் கூடம் அளவுக்கு. சுற்றிலும் தகரம்தான், ஆனாலும் அங்கே முப்பத்தைந்துதான் காட்டியது. ஊரில் மற்ற புல்லெல்லாம் எப்படியோ அப்படித்தான் ஏழாவது வார்டுப் புல்லும் இருக்கிறது. அங்கே பச்சை தோற்கவில்லை. அங்கே பச்சை வைக்கவே இல்லை.

இப்போது நீ கேட்பாய், அப்படியானால் நீங்கள் போன வருஷம் போய்ப் பார்த்தது எதை என்று. எதையும் பார்க்கவில்லை. நான் போகவில்லை.

உன் பதவி உத்தரவு வந்த நாள் நினைவிருக்கிறதா? காலையில் இனிப்பு கொடுத்து முடித்துவிட்டு, ஏழாவது வார்டில் ஒன்பது இடத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று நீ கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். புதுத் தலைவி கொடுத்த முதல் வேலை. பாலத்தடி டீக்கடை வரைக்கும்தான் போனேன். இவள் சொல்லி நான் வெயிலில் அலைய வேண்டுமா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு டீ குடித்தேன். அன்றைக்குச் சூடு அளக்கிற வேலைகூட இல்லை, நீ எழுதிய பெயர் சரியா தப்பா என்று பார்த்து ஒரு டிக் போட்டால் போதும். ஒன்பதுக்கும் வரிசையாக டிக் போட்டேன். கை நடுங்கியிருந்தால்கூட இன்றைக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்திருக்கும். நடுங்கவில்லை.

அந்தத் தாள்தான் உறைக்குள் இருப்பதில் முதலாவது. கோப்பிலிருந்து எடுத்தேன். மைதானம் இருக்கிற வரிசைக்கு நேரே பென்சிலால் நீ ஒரு குறிப்பு எழுதியிருக்கிறாய்: "கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது, ஆனால் பசுமைக் குறியீடு ரொம்பக் குறைவு. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்க." அதற்குப் பக்கத்திலேயே என் டிக். அந்தக் குறிப்பை டீக்கடையில் நான் படித்தேனா என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். படித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் குறியீட்டின் வழியாக மேலே இருந்த இயந்திரம் உயிருள்ள பச்சை அங்கே இல்லை என்று உனக்குச் சொல்லிவிட்டது. நீ அதை ஒதுக்கிவிட்டு என் டிக்கை நம்பினாய்.

பொறாமையில் போட்ட அந்த டிக்தான் உனக்குக் கண்டுபிடிப்பாகி, உன்னை அங்கே கொண்டுபோய், என்னை இங்கே சமையலறையில் நிறுத்தி, மறுபடியும் பொறாமைப்பட வைத்திருக்கிறது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்னை மட்டும் சுட்டிருந்தால் பரவாயில்லை. பாப்பாவின் காலைச் சுட்டது. அந்தத் தையல்கார அம்மாவின் தெருவுக்கு வர வேண்டிய கன்றுகளைத் திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்து மே இரண்டாம் தேதி மேடையில் உன்னைச் சுடக் காத்திருக்கிறது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. எட்டாம் தேதி தெரிந்ததை நான் உனக்குப் பதினெட்டாம் தேதி சொல்கிறேன். நடுவில் பத்து நாள். முதல் நாள் பயம். இரண்டாம் நாளிலிருந்து, சொன்னால் நீ வெறுத்துவிடுவாய், அடியே, கூடவே வேறொன்றும் இருந்தது. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தக் கூலிங் கிளாஸ்காரர் லேசுப்பட்டவர் இல்லை, ஏற்கெனவே மோப்பம் பிடித்துவிட்டார். சபையில் யாராவது ஒருவர் கேட்பார், நீ திணறுவாய், இரண்டு வருஷம் என்கிற பேச்சு அடிபட்டுப் போகும், நீ பெட்டியோடு வீட்டுக்கு வருவாய். நான் ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, போகட்டும் விடு என்று ஆறுதல் சொல்வேன். அந்தக் காட்சியை நான் நாலு நாள் ரசித்தேன். பாப்பாவுக்குப் பின்னல் போடும்போதுகூட ரசித்தேன். இப்படிப்பட்ட ஒருவனோடுதான் நீ பதினோரு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறாய்.

போன சனிக்கிழமை தையல்கார அம்மாவின் தெருவுக்கு மறுபடி போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை ஈரத்துணியால் துடைத்து வாசலில் போட்டார். "உள்ள உக்கார முடியாது சார், நீங்க இங்கயே உக்காருங்க" என்றார். அவர் உள்ளே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டே, "நீங்களும் பாவம், வெயில்ல அலைஞ்சு அலைஞ்சு வேலை பார்க்கறீங்க" என்றார். எனக்கு அந்த இடத்தில் மேற்கொண்டு இருக்க முடியவில்லை. அன்று மாலை உனக்குப் போன் செய்தேன், சொல்லிவிடுவதென்றே செய்தேன். பாப்பா பேசினாள், நீ பேசினாய். நான் தொண்டையைக் கனைத்தபோது அங்கே உன்னை யாரோ கூப்பிட்டார்கள். போனில் சொன்னாலும் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கியிருப்பேன். காகிதத்தில் எழுதிவிட்டால் விழுங்க முடியாது.

நேற்று தலைமைப் பொறியாளரிடம் நேரில் சொல்லிவிட்டேன். மைதானத்தின் பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு துண்டை வெட்டிக்கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். அதை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். திருத்திய அறிக்கையில் உன் கையெழுத்து வந்தால் கன்றுகளை ஏழாவது வார்டுக்கே திருப்பிவிடலாம், மாதம் முடிவதற்குள் வர வேண்டும் என்றார். என்னை வெளி வேலையிலிருந்து எடுத்துவிட்டார். திங்கள் முதல் கோப்பு அறையில் உட்கார வேண்டும். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய் டிக்.

மே இரண்டாம் தேதி என்ன பேசுவது என்று உனக்குச் சொல்லித்தர எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். அந்த மேடையிலிருந்து விலகிவிடாதே. போய் நின்று, என் பழைய முடிவு தப்பு என்று நீயே முதலில் சொல்லிவிடு. யாரும் கேட்பதற்கு முன்னால் சொல். புல் மாதிரித் தெரிவதெல்லாம் புல் இல்லை, குறியீடு உண்மையைச் சொன்னது, சரிபார்க்க வேண்டிய ஆள் போகவில்லை என்று சொல். யார் அந்த ஆள் என்று கேட்டால் மறைக்காதே. என் வீட்டுக்காரர் என்றே சொல். கூலிங் கிளாஸ்காரரிடமும் சொல், அவர் சந்தேகப்பட்டது சரி என்று. அந்த மனுஷர்மேல் எனக்கு இப்போது பொறாமை இல்லை என்று எழுத ஆசைதான், ஆனால் இருக்கிறது. அவர் கேட்ட கேள்வியை நான் அல்லவா உனக்காகக் கேட்டிருக்க வேண்டும்?

இரண்டு வருஷம் இருக்கச் சொன்னால் இரு. பாப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உறையில் இருக்கிற இரண்டாவது தாளில் நான்கு இடங்களின் புது அளவுகள் இருக்கின்றன. நேரம், தேதி, எந்த மூலையில் நின்று அளந்தேன் என்பது வரை எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே போனேன். ஆனால் அதை நம்பாதே. அறிக்கையில் சேர்ப்பதற்கு முன்னால் வேறு யாரையாவது அனுப்பி ஒருமுறை பார்க்கச் சொல். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் எழுதிவிடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால், அதை எனக்கு ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் கணவன்